வாகனம் போகாத வழி: மன்னார்த் தீவின் பாதைகளுக்கு ஒரு சிறு வரலாறு

பேசாலை, புதுக்குடியிருப்பு, கரிசல், தலைமன்னார் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

காலை ஏழு மணிக்கு மன்னார் – தலைமன்னார் வீதியில் நின்று பார்த்தால் எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் காட்சி தெரியும். வெள்ளைச் சீருடை, முதுகில் பை, சைக்கிள். வலப்பக்கம் உரசிக்கொண்டு பஸ் போகும், மீன் ஏற்றிய கூலர் லொறி போகும். இடப்பக்கம் காப்பெட்டின் ஓரம் முடிந்து மணல். மணலில் சில்லு இறங்கினால் பிள்ளை விழும், இறங்காவிட்டால் லொறிக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் இது அடிக்கடி பேசப்படுகிறது. பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் முடிகிறது: "இருக்கிறது ஒரே ரோட்டுத்தானே சேர், என்ன செய்யிறது?"

உண்மையிலேயே இருப்பது ஒரே ஒரு வழிதானா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் தீவின் பாதைகளின் வரலாற்றைப் பார்த்தோம். பாடப்புத்தகத்தில் கண்டி இராச்சியத்தின் பாதைகள் வரும், ஆங்கிலேயர் போட்ட கொழும்பு – கண்டி வீதி வரும். எங்கள் வாசல் வழியாகப் போன பாதைகளைப் பற்றி ஒரு பந்தி கூட வராது.

*1. நடந்து போனவர்களின் பாதை*

இந்தத் தீவின் ஊடாக மிக அதிகமான மனிதர் நடந்த காலம் 19ஆம் நூற்றாண்டு. மலைநாட்டில் ஆங்கிலேயர் கோப்பி பயிரிடத் தொடங்கியதும் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். இராமேஸ்வரம் பக்கத்துக் கரைகளில் தோணி ஏறி, தலைமன்னார், அரிப்பு போன்ற எங்கள் கரைகளில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ரயிலும் இல்லை, வண்டியும் இல்லை. காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடை. வடக்குப் பாதை என்று அதைச் சொல்வார்கள்.

அந்தப் பாதையில் வாகன நெரிசல் இல்லை. ஆனால் தண்ணீரும் இல்லை. வாந்திபேதியிலும் பசியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் எழுதிய கல் எங்கும் இல்லை.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் ஆரம்பித்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. ஏறக்குறைய 250 கிலோமீற்றர். எங்கள் ஊர் வழியாகத்தான் அவர்கள் நடந்து போனார்கள். அந்த நாட்களில் எங்களில் பலருக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இந்த வீதியின் அடியில், நடந்தே செத்துப் போனவர்களின் பாதை ஒன்று இருக்கிறது.

*2. இரும்புப் பாதை*

1914இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயிலும், தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் பியருக்குக் கப்பலும், பியரில் இருந்து மதவாச்சி வழியாகக் கொழும்புக்கு ரயிலும் என ஒரே தொடராகப் பயணம் இணைக்கப்பட்டது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். நடந்து இறந்த காலம் முடிந்து, பெட்டியில் அடைபட்டுப் போகும் காலம் தொடங்கியது.

மதவாச்சியில் இருந்து தலைமன்னார் பியர் வரையான பாதை சுமார் 106 கிலோமீற்றர். தீவுக்குள் மன்னார், தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார், பியர் என நிலையங்கள். எங்கள் மீனும் கருவாடும் கொழும்புக்குப் போனது இந்தப் பாதையால்தான். இந்தியாவில் இருந்து துணியும் பாத்திரமும் வந்ததும் இதால்தான். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயரும், பின்னால் வந்த ராமானுஜம் கப்பலின் பெயரும் ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது. தலைமன்னாரும் மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களும் இந்த ரயிலில் வந்து இந்தக் கப்பலில்தான் ஏறினார்கள். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரயிலில் திரும்பிப் போனார்கள். இரண்டு பயணத்துக்கும் வாசல் எங்கள் தீவுதான். 1980களின் நடுப்பகுதியில் யுத்தச் சூழலால் கப்பல் நின்றது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தபோது ரயிலும் நின்றது.

*3. தண்டவாளம் இல்லாத 25 வருடங்கள்*

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலும் சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எங்கள் தலைமுறையில் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் பிறந்து, கிடுகுக் கொட்டிலில் எழுத்துப் படித்து, பிறகுதான் உம்மா வாப்பா சொன்ன ஊரைக் கண்ணால் பார்த்தவர்கள். தீவில் இருந்த தமிழ் உறவுகளுக்கும் அது நிம்மதியான காலமாக இருக்கவில்லை. இராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போனவர்கள், மடுவுக்கு ஓடியவர்கள், தேவாலயங்களுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. யார் கூடப் பட்டது என்று அளக்க இதை எழுதவில்லை. அந்தப் பாதை ஏன் வெறிச்சோடியது என்று சொல்லாமல் அதன் அமைதியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை, அதனால் எழுதுகிறோம்.

தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்கும் காவலரணுக்கும் போய்விட்டன. மிஞ்சியது நீளமான ஒரு மண் அணையும் அதன் மேல் கொஞ்சம் கருங்கல் சல்லியும். மழைக்குச் சுற்றிவரத் தண்ணீர் நின்றாலும் அணை மேல் நிற்காது. ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஏற்றம் இறக்கம் இல்லை, வளைவு குறைவு. சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. இருபுறமும் உடைமரம் வளர்ந்து மூடினாலும், ஆடு மாடு சாய்த்துப் போகிறவர், விறகு கட்டி வருகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் என்று நடமாட்டம் உள்ள இடங்களில் நடுவில் ஒற்றையடிப் பாதை விழுந்தது. எல்லா இடத்திலும் அப்படிப் போக முடிந்ததில்லை. இராணுவம் மறித்த இடங்கள் இருந்தன. பெருநிலப் பக்கத்தில் மிதிவெடி புதைந்த இடங்களும் இருந்தன.

யாரும் திட்டமிடாமல், எந்தத் திணைக்களமும் பெயர்ப்பலகை போடாமல், வாகனம் போகாத வழி ஒன்று எங்கள் ஊர்களுக்கு நடுவில் இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையை நினைத்தால், அது நல்ல காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சைக்கிளில் போகிறவனுக்குத் தனி வழி இருந்தால் எப்படி இருக்கும் என்று இந்த மண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

*4. ரயில் திரும்பி வந்தது*

யுத்தம் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைத் திருப்பிப் போட்டது. 2013 மே மாதம் மடு வீதி வரை ரயில் வந்தது. 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாருக்கு வந்து பியர் வரையான சேவையைத் தொடக்கி வைத்தார். 25 வருடத்துக்குப் பிறகு கூவல் சத்தம் கேட்டது. அன்று அழுத மூத்தவர்கள் பலர். ரயில் வந்ததில் யாருக்கும் மனக்குறை இல்லை. வரத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று நடந்தது. அணையின் மேல் நடந்தவர்களும் சைக்கிள் ஓட்டியவர்களும் கீழே இறங்கினார்கள். இறங்கியவர்களுக்கு வேறு வழி தரப்படவில்லை. அதே காலத்தில்தான் வீதியும் காப்பெட் ஆனது. 2010இல் புதிய மன்னார்ப் பாலம் திறந்தபின் வாகனங்களும் பெருகின. காப்பெட் வந்தால் வேகம் வரும். வேகம் வந்த வீதிக்குள் எல்லாச் சைக்கிளும் போய்ச் சேர்ந்தது.

ரயில் கடவைகளும் பல இடங்களில் ஊர் வீதிகளைக் குறுக்கறுத்தன. 2021 மார்ச் மாதம் தலைமன்னார் பியரில் தனியார் பஸ்ஸும் ரயிலும் மோதிய விபத்தில் ஒரு மாணவப் பிள்ளை உயிரிழந்ததையும், இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டதையும் யாரும் மறக்கவில்லை. சைக்கிளுக்கும் அந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. என்றாலும் பாதை போடுகிறவர்கள் வேகமாகப் போகிற பொருளை மட்டும் பார்த்துப் போட்டால், மெதுவாகக் குறுக்கே போகிற உயிர் கணக்கில் வராது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு காலத்தையும் நினைவுபடுத்துகிறோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது வீதி வெறிச்சோடியது. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை, அடுப்பும் எரியவில்லை. ஆசிரியர்களும் பழைய லுமாலாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தோம். அந்த மாதங்களில் பிள்ளைகள் வீதியில் இரண்டு மூன்று பேராகப் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு ஓட்டி வந்தார்கள். டீசல் வந்தது, அதுவும் முடிந்தது. 1990இலும் சரி 2022இலும் சரி, எங்களுக்கு அமைதியான பாதை கிடைத்தது ஏதோ ஒரு பேரிழப்போடு சேர்த்துத்தான். இழப்பு இல்லாமல், நாங்களே தீர்மானித்து, அப்படியொரு பாதையை வைத்திருக்க முடியாதா என்பதுதான் கேள்வி.

*5. மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்*

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பாருங்கள். இத்தாலியின் வடகிழக்கில், ஆஸ்திரிய எல்லையை நோக்கிப் போன பழைய ரயில் பாதை ஒன்று 19ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கு ஓரமாகப் போடப்பட்டது. பிறகு மலையைக் குடைந்து புதிய பாதை போட்டபோது பழையது கைவிடப்பட்டது. இன்று அந்தப் பழைய அணை, பாலம், சுரங்கம் எல்லாவற்றின் வழியாகவும் சைக்கிள் பாதை போகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இருந்து இத்தாலியின் கடற்கரை ஊரான கிராடோ வரை 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அல்பே அட்ரியா என்ற சைக்கிள் வழியில் அது ஒரு பகுதி. ஸ்பெயினில் கைவிட்ட ரயில் பாதைகளைப் பசுமை வழிகள் என்ற பெயரில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுக்கும் வேலையை 1993இல் ஆரம்பித்தார்கள்.

அதைவிட எங்களுக்குப் பயன்படும் உதாரணம் அந்த மலைகளின் கிரவல் வீதிகள். அவை சுற்றுலாவுக்காகப் போட்டவை அல்ல. மரம் ஏற்றவும், மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டவும் போட்ட வேலைப் பாதைகள். வீதியின் வாயில் ஒரு தடைக்கம்பம் இருக்கும். பண்ணைக்காரரின் வண்டிக்கும் வன இலாகா வண்டிக்கும் அது திறக்கும். மற்ற வாகனத்துக்குத் திறக்காது. அனுமதி உள்ள பாதைகளில் சைக்கிள் பக்கத்தால் நுழைந்து போகலாம். காப்பெட் இல்லை, விளக்கு இல்லை, பெரிய செலவும் இல்லை. செலவு ஒரு கம்பத்துக்கும் ஒரு தீர்மானத்துக்கும்தான்.

எங்கள் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஓடிய சிறிய ரயில் 1940களில் நிறுத்தப்பட்டு, அதன் தடம் தேயிலைத் தோட்டங்களுக்குள் கலந்து போனது. 2023இல் மலையகத் தோட்டப் பாதைகளை இணைத்துப் பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை திறக்கப்பட்டது. 300 கிலோமீற்றர், 22 கட்டங்கள். உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்து நடக்கிறார்கள். அந்தத் தோட்டப் பாதைகளை மண்வெட்டியால் வெட்டியவர்கள் யார்? எங்கள் கரையில் இறங்கி, எங்கள் தீவைக் கடந்து நடந்தவர்களின் மக்கள். மேலே அவர்கள் வெட்டிய வழிக்கு இன்று வரைபடமும் வழிகாட்டிப் பலகையும் இருக்கின்றன. கீழே அவர்கள் நடந்து வந்த வழியின் தொடக்கத்தில் ஒன்றும் இல்லை.

எதிர்க்கரையில் வேறு மாதிரி நடந்தது. தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார் வீதி போட்டுத் திறந்தார்கள். இப்போது காரும் வேனும் கடல் முனை வரை வரிசையாகப் போகின்றன. ஒரு பாதையைச் சும்மா விட்டால் அது யாருக்குப் போகும் என்பதற்கு அது உதாரணம்.

*6. எங்களிடம் இப்போது இருப்பது*

எங்கள் ரயில் அணை மீண்டும் ரயிலுடையது. அதில் நடக்கச் சொல்லி நாங்கள் கேட்க மாட்டோம், பிள்ளைகளையும் விட மாட்டோம். ஆனால் வேறு இரண்டு வகைப் பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, உள்வீதிகள். பிரதான வீதிக்கு இருபுறமும் பனங்காட்டுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் போகும் கிரவல் ஒழுங்கைகள். ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் நல்லாகப் போகும், கிராமத்து எல்லையில் நின்றுவிடும். இடையில் ஒரு துண்டு மணல், ஒரு வேலி, ஒரு தண்ணீர்த் தேக்கம். அந்தத் துண்டுக்காகத்தான் பிள்ளை பிரதான வீதிக்கு ஏறுகிறது. கிராமத்துக்குக் கிராமம் பேசி அந்தத் துண்டுகளை இணைத்தால் பாதி வழி கிடைத்துவிடும். இந்த எல்லைகளில் சில இடங்களில் ஒரு பக்கம் கத்தோலிக்க ஊர், மறுபக்கம் முஸ்லிம் ஊர். 1990க்குப் பிறகு எத்தனையோ காணிப் பிரச்சினை, எல்லைப் பிரச்சினை. ஒரு சைக்கிள் ஒழுங்கையைச் சேர்ந்து திறப்பது அந்தப் பிரச்சினைகள் எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனாலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே ஒழுங்கையால் பாடசாலைக்குப் போவார்கள்.

இரண்டு, தெற்குக் கரை. இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் அமைத்த தம்பபவனி காற்றாலை மின் நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், சுமார் 100 மெகாவாட். அவற்றைப் பராமரிக்கக் கிரவல் பாதைகள் போடப்பட்டன. அந்தப் பாதைகள் மழைத் தண்ணீர் கடலுக்கு வடிவதை மறிக்கின்றன என்றும், மீன்பாடு குறைந்தது என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னாரில் நடந்த போராட்டம் நாடே அறிந்தது. அந்த விவாதத்தை இந்தப் பதிவில் தீர்க்க முடியாது. ஆனால் போட்டாயிற்று என்று இருக்கும் பாதையால் மக்களுக்கு என்ன நன்மை என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. தண்ணீர் வடியப் போதிய மதகு வை, பாதையை ஊர் மக்களின் சைக்கிளுக்கும் கால்நடைக்கும் திறந்து வை, டிப்பருக்கு மூடி வை என்று கேட்கலாம்.

மன்னார் ஆசியாவின் நடுவால் வலசை வரும் பறவைகளின் வழியில் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரை பார்க்க வருபவர்கள் வேனில் வந்து, ஹோர்ன் அடித்து, பறவையைக் கிளப்பிவிட்டுப் போகிறார்கள். சைக்கிளில் போனால் பறவையும் இருக்கும், ஊர்ப் பொடியன்களுக்கு வாடகைச் சைக்கிளால் நாலு காசும் கிடைக்கும். ஆனால் எங்களுக்கு முதலில் பிள்ளைகள், பிறகுதான் சுற்றுலா. வெள்ளைக்காரருக்காகப் போட்ட பாதையில் எங்கள் பிள்ளை அனுமதி கேட்டுப் போகும் நிலை வரக்கூடாது.

*7. நாங்கள் கேட்பது*

மன்னார்ப் பிரதேச சபைக்கும், கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், பங்குச் சபைகளுக்கும் எங்கள் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, உள்வீதிகள் எல்லாவற்றையும் காப்பெட் ஆக்கத் தேவையில்லை. சிலவற்றைக் கிரவலாகவே வைத்து, குழி நிரப்பி, கிராமத்துக்குக் கிராமம் இணையுங்கள். ஒழுங்கையின் இரு முனையிலும் சைக்கிள் நுழையும் அளவு இடம் விட்டுக் கம்பம் நடுங்கள். அம்புலன்ஸுக்கும் அந்த வளவுக்காரருக்கும் திறப்பு இருக்கட்டும்.

இரண்டாவது, ஓரத்தில் மரம் வையுங்கள். வேம்பு, பூவரசு. எங்கள் வெயிலில் நிழல் இல்லாத சைக்கிள் பாதையில் யாரும் போக மாட்டார்கள்.

மூன்றாவது, பாதைக்கு ஒரு பெயர் வைத்து, தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். அதில் நடந்து வந்து மாத்தளை போனவர்களைப் பற்றி நாலு வரி, ரயிலில் வந்து கப்பல் ஏறியவர்களைப் பற்றி நாலு வரி, 1990இல் படகேறிப் போனவர்களைப் பற்றி நாலு வரி. மூன்று மொழியிலும். அதை எழுதித் தர ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு வேலையைத் தொடங்குகிறோம். அடுத்த தவணையில் தரம் 8, 9 மாணவர்களைக் கொண்டு அவரவர் வீட்டில் இருந்து பாடசாலைக்கு வாகனம் குறைந்த வழியை வரைபடமாக வரைய வைக்கப் போகிறோம். எங்கே மணல், எங்கே வேலி, எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே நாய் துரத்துகிறது, எல்லாம் குறிக்கச் சொல்வோம். அந்த வரைபடங்களை ஒன்றாக ஒட்டினால் பிரதேச சபைக்குக் கொண்டு போகக் கையில் ஒரு தாள் இருக்கும்.

மூத்தவர்களிடம் ஒரு உதவி கேட்கிறோம். ரயில் வருமுன் இருந்த மாட்டுவண்டிப் பாதைகள், கடற்கரைக்குப் போன பழைய ஒழுங்கைகள், இப்போது வேலிக்குள் போய்விட்ட பொது வழிகள் உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளை பென்சிலோடு வந்து கேட்டால், பொறுமையாக இருந்து சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வரைந்த படத்தில் உங்கள் வழியும் சேரட்டும்.